மூன்று எண்ணும்வரை அழுத்திய பாதம்

அந்த வருடத்து டயரியில் செப்டெம்பர் மாதம் முழுவதும் ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது. "காலை 5.50. பக்கத்து வீட்டுக் குழந்தை அழுகை. 6.25க்கு ஓய்ந்தது." மறுநாள்: "5.40. அழுகை. 6.30." சில நாட்களில் மாலைக்கும் ஒரு வரி உண்டு. பஸ் பிந்தியது, லிப்ட் நின்றது, முதல் பனி விழுந்தது எல்லாவற்றையும் நேரத்தோடு குறித்து வைக்கிற பழக்கம் எனக்கு இளவயதிலிருந்தே இருக்கிறது. ஆனால் இந்த அழுகையைக் குறித்ததற்கு வேறு காரணம் இருந்தது. கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் சுப்பரின்ரென்டனிடம் முறைப்பாடு செய்யும்போது கையில் ஆதாரம் வேண்டும் என்று நினைத்தேன்.

முறைப்பாடும் செய்தேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நாங்கள் புலம்பெயர்ந்து வந்த குளிர் நாட்டில், டோர்செட் பார்க் என்ற பகுதியில், பதினான்கு மாடிக் கட்டடமொன்றின் ஒன்பதாம் மாடியில் நானும் மனைவியும் இருந்தோம். எங்கள் படுக்கையறைச் சுவருக்கு அந்தப்பக்கம் ஓர் இளம் குடும்பம். கணவன் பகலில் தொழிற்சாலை, மாலையில் உணவகச் சமையலறை என்று இரண்டு வேலை செய்தான். அவனைக் கண்டால் தலையசைப்போம், அவ்வளவுதான். அவன் மனைவி ஒரு வயது கடந்த மகனோடு நாள் முழுவதும் வீட்டில் இருந்தாள். வயிற்றில் அடுத்தது மூன்று மாதம்.

சுப்பரின்ரென்டன் போய்ச் சொன்ன மறுநாளே அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கள் கதவடியில் வந்து நின்றாள்.

"அங்கிள், குறை நினையாதேங்கோ. இவனுக்குக் கரப்பன். சொறிஞ்சு சொறிஞ்சு அழுறான். நான் என்ன செய்ய?"

குழந்தையின் முழங்கை மடிப்பிலும் கழுத்திலும் தோல் சிவந்து பொருக்குத் தட்டியிருந்தது. என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் டயரியில் எழுதவில்லை.

"இஞ்சாருங்கோ, நீங்கள் பிறக்கேக்க சிரிச்சுக்கொண்டே வந்தனீங்கள்?" என்று என்னைக் கேட்டாள்.

அவளை உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தோம். வயிற்றில் அடுத்தது தங்கியதும் தாய்ப்பாலை நிறுத்தியதாகச் சொன்னாள். தகரப் பேணியில் வரும் மாப்பால் கொடுத்தபோது கரப்பன் கூடியது. அதனால் அதையும் நிறுத்திவிட்டாள். முட்டை, மீன், பருப்பு, கரப்பனைக் கிளப்பும் என்று ஊரில் சொல்வதெல்லாம் ஒதுக்கியாகிவிட்டது.

"இப்ப அரிசிக்கஞ்சி மட்டும்தான். சீனி போட்டுக் குடுக்கிறன். அது உடம்புக்குக் குளிர்ச்சிதானே, அன்ரி?"

"ஓம், அது ஒண்டும் செய்யாது" என்றாள் மனைவி. நானும் தலையாட்டினேன். எங்கள் ஆட்களில் யாராக இருந்தாலும் தலையாட்டியிருப்பார்கள். அன்றைய டயரியில் இருப்பது இது: "பிள்ளைக்குக் கஞ்சிப் பத்தியம். தாய் கவனமானவள்."

அப்போது நான் நகரத்தின் நடுவே ஓர் அலுவலகத்தில் தாள்களைக் கொம்பியூட்டரில் பதியும் வேலை செய்தேன். ஆபிரிக்காவின் வறண்ட பகுதியொன்றில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வீடு வீடாகப் போய் அளந்து, பிள்ளைக்கு ஒரு தாளாக நிரப்பி அனுப்புவார்கள். நிறை, உயரம், மேற்கையின் சுற்றளவு, நேற்றிலிருந்து சாப்பிட்டது என்ன, காய்ச்சல் உண்டா, வயிற்றோட்டம் உண்டா. ஒரே பிள்ளையை மூன்று முறை போய்ப் பார்ப்பார்கள். மூன்றுக்கும் தாளில் இடம் இருக்கும். பிள்ளையின் பெயர் இராது, இலக்கம் மட்டும். கடைசிக் கட்டத்தில் ஒரு சோதனை: இரண்டு பாதங்களின் மேற்பக்கத்தையும் பெருவிரலால் மூன்று எண்ணும்வரை அழுத்திப் பிடித்துவிட்டு எடுக்க வேண்டும். குழி அப்படியே நின்றால் 1. நிற்காவிட்டால் 0. அதற்குக் கீழே தாயின் கைநாட்டு, ஊதா மையில்.

தாள்களில் சிவப்புத் தூசி இருந்தது. பெட்டியைத் திறந்தால் மேசையில் படியும், விசைகளின் இடுக்கில் இறங்கும். என் சட்டைக் கையின் விளிம்பு பின்னேரத்தில் இலேசான செம்மண் நிறமாக இருக்கும். மனைவி எத்தனை முறை தோய்த்தும் அது முழுதாகப் போகவில்லை. சில தாள்களின் ஓரத்தில் அளக்கப் போனவர் பென்சிலால் "அழவில்லை" என்று எழுதியிருந்தார். முன்பின் தெரியாத ஒருவர் பலகையில் கிடத்தி அளக்கும்போது எந்தப் பிள்ளையும் கத்தும். கத்தாததை ஒருவர் எழுதி வைத்திருக்கிறார் என்பது எனக்கு ஒருமாதிரி இருந்தது. ஓரக்குறிப்புக்குக் கொம்பியூட்டரில் கட்டம் இல்லை, அதனால் விட்டுவிட்டேன்.

ஒவ்வொரு தாளையும் இரண்டு பேர் தனித்தனியாகப் பதிய வேண்டும். இருவரும் அடித்தது ஒத்துவராவிட்டால் கொம்பியூட்டர் கீச்சென்று சத்தம் போடும். எனக்கு எதிர் மேசையில் இரண்டாம் தரம் பதிகிறவள் கானா நாட்டுப் பெண், என் வயதுதான். ஊரில் தாதியாக இருந்தவள். அந்தப் படிப்பு இங்கே எடுபடவில்லை என்றாள். அதைப் பற்றி அதற்குமேல் பேசமாட்டாள்.

நான் ஒழுங்கு பார்க்கிறவன். பிழையான தாள்கள் என்று ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தேன். முதல் முறை பாதத்தில் 1. பிள்ளைக்குப் பாலும் சத்துணவும் கொடுத்திருக்கிறார்கள். இரண்டாம் முறை பாதத்தில் 0, ஆனால் நிறை குறைந்திருக்கிறது. நல்ல சாப்பாடு கொடுத்தால் நிறை எப்படிக் குறையும்? இப்படிப் பல தாள்கள். பட்டியலை அவளிடம் காட்டினேன்.

அவள் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "இவ்வளவு அழகாகக் கோடு போட்டு எழுதியிருக்கிறாயே, எல்லாம் வீண். இதில் ஒன்றுகூடப் பிழை இல்லை."

"நிறை குறைந்திருக்கிறதே."

"குறைந்தது தண்ணீர். பிள்ளை மாவும் கஞ்சியும் மட்டுமே குடிக்கிறது. வயிறு நிறையும், உடம்பு கட்டாது. உடம்புக்குள் நீர் தேங்கும். முகம் வீங்கி உருண்டையாகும், தலைமயிர் செம்பட்டையாகும். பார்க்கிறவர்கள் கொழுத்த பிள்ளை என்பார்கள். பால் உள்ளே போகத் தொடங்கினால் முதலில் நீர் வடியும். அப்போதுதான் உள்ளே இருந்த பிள்ளையைக் காண்பாய்."

"எந்தப் பிள்ளையை?"

"மெலிந்த பிள்ளையை. அது இவ்வளவு நாளும் உள்ளேதான் இருந்தது."

தங்கள் பக்கத்து மொழியில் அந்த நோய்க்கு ஒரு பெயர் உண்டு என்றாள். அடுத்த குழந்தை வரும்போது மூத்ததைப் பிடிக்கிற நோய் என்று அதற்கு அர்த்தமாம். நான் பட்டியலைக் கிழித்துப் போட்டேன். அவள் சொன்னதை அன்று டயரியில் ஒரு முழுப் பக்கம் எழுதினேன். அந்தப் பக்கத்துக்கு முன்னும் பின்னும் பக்கத்து வீட்டு அழுகையின் நேரங்கள் இருக்கின்றன. இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. ஒன்று செம்மண் தூசியோடு பெட்டியில் வருவது. மற்றது சுவருக்கு அந்தப்பக்கம்.

நவம்பர் மாதத்தில் அழுகை குறைந்தது. "6.00. சிறு அழுகை. ஐந்து நிமிடம்." பிறகு, "அழுகை இல்லை." மறுநாளும், "அழுகை இல்லை." அப்படி எட்டு நாள் எழுதிவிட்டு, எழுதுவதற்கு ஒன்றும் இல்லாதபடியால் விட்டுவிட்டேன்.

"உங்கட மனுவுக்குப் பலன் கிடைச்சிட்டுது" என்றாள் மனைவி.

எனக்குப் பலன் கிடைக்கவில்லை. ஒவ்வொரு நாளும் காலை 5.50க்கு விழிப்பு வந்தது. ஹீற்றர் உறுமும் சத்தம் மட்டும் கேட்கும். ஒருநாள் எழுந்து சுவரில் காதை வைத்துப் பார்த்தேன். அந்தப்பக்கம் ஆட்கள் இருந்தார்கள். குழாயில் தண்ணீர் ஓடியது, பாத்திரம் வைக்கும் சத்தம் வந்தது, அவள் ஏதோ கேட்டாள். அவள் கேட்ட எதற்கும் பதிலாக ஒரு சிணுங்கல்கூட வரவில்லை.

டிசெம்பரில் ஒருநாள் லிப்டில் அவர்களைக் கண்டேன். டொக்டரிடம் போய்விட்டு வருகிறாள். குழந்தை தடித்த ஜக்கெற்றுக்குள் உருண்டையாக இருந்தது. கன்னங்கள் தொங்குமளவுக்கு நிறைந்திருந்தன. இடது கன்னத்தில் கறுத்த பொட்டு.

"நல்லாக் கொழுத்திட்டான் பிள்ளை" என்றேன். "இப்ப அழுறதும் இல்லை."

"ஓம் அங்கிள். இப்ப கிடத்தின இடத்தில கிடப்பான். உங்களுக்கும் நித்திரை குழம்பாது" என்றாள் சந்தோஷமாக. ஆனால் நான் சொல்லி முடிக்க முன்னரே அவள் கை பொட்டைத் தொட்டுப் பார்த்தது.

வேடிக்கை காட்டத் திறப்புக்கோர்வையைக் குலுக்கினேன், சாவிகள் கிணுகிணுத்தன. குழந்தையின் கண்கள் திறப்புகளுக்கு வந்தன. அங்கிருந்து என் முகத்துக்கு வந்தன. பிறகு மிக மெதுவாக, களைத்துப்போன வயதாளி ஒருவர் பார்வையைத் திருப்புவதுபோல, லிப்டின் சுவருக்குப் போயின. தொப்பிக்கு வெளியே தெரிந்த மயிர் செம்பு நிறமாக இருந்தது. இந்த நாட்டுக் குளிரில் பிள்ளைகளுக்கு இப்படி நிறம் மாறுமாக்கும் என்று நினைத்தேன். நினைத்ததை எழுதியும் வைத்திருக்கிறேன்.

ஜனவரி கடைசியில் ஒரு சனிக்கிழமை. காலை 11.10. நான் அந்த வாரத்துக் கடிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று தொண்டை கமறியது. செத்தல் மிளகாய் எரியும் நெடி. மனைவி சமையலறையிலிருந்து இருமிக்கொண்டு ஓடிவந்தாள். யாரோ வீட்டுக் கதவைத் திறந்து புகையை வெளியே விட்டிருக்கிறார்கள். அடுத்த நிமிடம் நடைபாதையில் இருந்த கருவி அதைப் பிடித்து, பதினான்கு மாடியிலும் தீ அபாய மணி அடிக்கத் தொடங்கியது.

லிப்ட் வேலை செய்யாது. வெளியே வந்தபோது பக்கத்து வீட்டுக் கதவடியில் அவள் குழந்தையோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏழு மாத வயிறு.

"அங்கிள், இவனைக் கொஞ்சம் பிடியுங்கோ. என்னால படி இறங்கேலாது."

போர்வையில் சுற்றிய பிள்ளையை வாங்கினேன். பாரமாக இருந்தான். மனைவி அவளைத் தாங்கிப் பிடித்தாள். படிகளில் முன்னும் பின்னும் பிள்ளைகள் வீரிட்டு அழுதுகொண்டு இறங்கினார்கள். மணி காதைக் கிழித்தது. என் தோளில் கிடந்தவன் அசையவில்லை. ஆறாம் மாடியில் அவன் மூச்சு விடுகிறானா என்று நின்று பார்த்தேன். கண்கள் திறந்திருந்தன.

வெளியே பனி தூவிக்கொண்டிருந்தது. கட்டடம் முழுவதும் வாகனத் தரிப்பிடத்தில் நின்று இருமியது. தீயணைப்பு வண்டி ஊளையிட்டுக்கொண்டு வந்தது. அதற்கும் அவன் திரும்பவில்லை. ஒரு கால்மேஸ் எங்கேயோ கழன்று விழுந்திருந்தது. வெறுங்காலைச் சூடாக்குவோம் என்று உள்ளங்கைக்குள் பொத்திப் பிடித்தேன். குளிர்ந்து, வழவழவென்று இருந்தது. கையை எடுத்தபோது, என் பெருவிரல் இருந்த இடத்தில் குழி இருந்தது.

அது நிரம்பும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். நிரம்பவில்லை.

பக்கத்தில் மறுபடி அழுத்தினேன். ஒன்று, இரண்டு, மூன்று. எடுத்தேன். இரண்டாவது குழி. மற்றக் கால்மேஸையும் கழற்றி அழுத்தினேன். அதிலும் நின்றது. பனித்துகள் ஒன்று முதல் குழிக்குள் விழுந்தது. உடனே உருகவில்லை, அப்படியே கிடந்தது. என் வலதுகைப் பெருவிரல் தானாக 1 என்ற விசையைத் தேடுவதுபோல் அசைந்ததை நான் கண்டேன்.

"எந்தக் கோதாரி பிடிச்சது வீட்டுக்குள்ள மிளகாய் எரிச்சது?" மனைவி கண்ணைக் கசக்கிக்கொண்டு கேட்டாள்.

"நான்தான் அன்ரி" என்றாள் அவள், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில். "பிள்ளைக்கு நாவூறு பட்டதெண்டு மிளகாய் சுத்தி எரிச்சனான். மூண்டு நாளாக் கஞ்சியும் குடிக்கிறான் இல்லை. அங்கிள் அண்டைக்கு லிப்ட்டுக்க சொன்னாப் பிறகுதான்..."

நிறுத்திவிட்டாள். மனைவி என்னைப் பார்த்தாள். நான் பேசினால் இவள் கேட்பாளா என்று ஒரு கணம் யோசித்தேன். என் வாய்தான் காரணம் என்று நம்புகிறவள்.

"பிள்ளை, மிளகாய் கமறினதோ?" என்று அவளிடமே கேட்டேன்.

"பதினாலு மாடியும் இருமிக்கொண்டு நிக்குது, கேக்கிற கேள்வியைப் பார்" என்றாள் மனைவி.

"நாவூறு இருந்தால் மிளகாய் கமறாது எண்டுதானே சொல்லுறவை?"

அவள் கொஞ்சம் யோசித்து, "ஓம்" என்றாள்.

"அப்ப இது நாவூறு இல்லை. வேற வருத்தம். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"டொக்டர் பாத்தவர் அங்கிள். கரப்பனுக்குப் பூசத் தந்தவர். நிறையும் வயசுக்குச் சரியாம்."

"நிறை சரிதான் பிள்ளை. அந்த நிறைதான் எனக்குப் பயமாக் கிடக்கு."

மேலே போகவே இல்லை. தெருவில் ஒரு டாக்ஸியை மறித்து நால்வரும் ஏறினோம். டயரி எப்போதும் என் கோட் பையில் இருக்கும்; முடிந்த வருடத்து டயரியை இன்னும் மாற்றாமல், அதன் கடைசி வெற்றுப் பக்கங்களிலேயே எழுதி வந்தேன். அதில் புதிய பக்கம் எடுத்து, அலுவலகத் தாளில் உள்ள ஒழுங்கிலேயே ஆங்கிலத்தில் எழுதினேன். தாய்ப்பால் நிறுத்திய மாதம். அன்று முதல் உணவு: அரிசிக்கஞ்சி, சீனி. பால், முட்டை, மீன், பருப்பு: இல்லை. தலைமயிர்: செம்பு நிறம். இடது பாதம் 1, வலது பாதம் 1. அழுகை எப்போது குறைந்தது, எப்போது நின்றது என்பதும் என்னிடம் இருந்தது, மணி நிமிடத்தோடு. முறைப்பாட்டுக்காகச் சேர்த்த ஆதாரம்.

அவசரப்பிரிவில் இருந்த இளம் டொக்டர் முதலில் சிறுநீரகக் கோளாறு என்றே நினைத்தார். பிறகு என் பக்கத்தை வாசித்தார். இன்னொரு முறை வாசித்தார். பாதத்தை அழுத்திவிட்டு விரலை எடுத்து, நான் பார்த்ததுபோலவே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதைப் புத்தகத்தில் படமாகத்தான் கண்டிருக்கிறேன்" என்றார். பெரிய டொக்டரைக் கூப்பிட ஓடினார்.

கரப்பனைக் கிளப்பாத வேறொரு பாலைச் சிறுகச் சிறுகக் குழாய் வழியாகக் கொடுத்தார்கள். ஒரேயடியாகக் கொடுத்தால் இதயம் தாங்காது என்றார்கள். அவள் கட்டிலருகே கதிரையிலேயே இருந்தாள். ஆறாம் நாள் பகலில் மனைவியை ரெலிபோனில் கூப்பிட்டாள்.

"அன்ரி, நான் பிள்ளையைக் கொண்டு வரப்போறன். இந்த ஆஸ்பத்திரிக்காரர் பட்டினி போடினம். நாலு மணிக்கு இவர் காரோட வாறார்."

நான் பாதி நாள் லீவு எடுத்துக்கொண்டு போனேன். மனைவியும் வந்தாள். குழந்தையின் உடுப்புகள் பையில் அடுக்கப்பட்டிருந்தன. கட்டிலில் கிடந்தவனைக் கண்டதும் எனக்கே கால் பின்வாங்கியது. கன்னங்கள் இல்லை. விலா எலும்புகளை எண்ணலாம். தொடைத்தோல் கிழவர்களுக்குப்போல மடிந்து தொங்கியது.

"இது என்ர பிள்ளை இல்லை அன்ரி" என்றாள் அவள். அழவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள். "என்ர பிள்ளையை மாத்திப்போட்டினம். முகத்தைப் பாருங்கோ. இது வேற ஆரோ."

மணி மூன்றரை. இப்போது கொண்டுபோனால் இவன் திரும்பக் கஞ்சிக்குத்தான் போவான்.

"மாத்தேல்லைப் பிள்ளை" என்றேன். "இவன்தான் முதலும் இருந்தவன். மேல இருந்தது தண்ணி. இப்ப அது வடிஞ்சிட்டுது."

"பால் குடுத்தா ஆரும் மெலிவினமே?"

"நானும் உப்பிடித்தான் கேட்டனான்." அலுவலகத்துத் தாள்களைப் பற்றிச் சொன்னேன். செம்மண் நாட்டுப் பிள்ளைகள், கஞ்சி குடித்துக் கொழுத்ததுபோல வீங்கியவர்கள், முதல் முறை அளந்ததைவிட இரண்டாம் முறை நிறை குறைவு. "மூண்டாம் முறை கூடும்" என்றேன்.

அவள் நம்பவில்லை. நான் குழந்தையின் பாதத்தை எடுத்து அவளுக்குத் தெரியக்கூடியதாகப் பெருவிரலால் அழுத்தினேன். உரக்க எண்ணினேன். "ஒண்டு. ரெண்டு. மூண்டு." விரலை எடுத்தேன். தோல் மேலே வந்துவிட்டது.

"நீயும் அமத்திப் பார்."

அவள் மற்றப் பாதத்தை எடுத்தாள். ஒண்டு, ரெண்டு என்று உதடு மட்டும் அசைந்தது. மூன்று எண்ண முன்னரே குழந்தை முகத்தைச் சுளித்து, காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். தொண்டையில் ஒரு சத்தம் வந்தது. துருப்பிடித்த கதவைக் கொஞ்சம் திறந்ததுபோல ஒரு சின்னக் கீச்சு.

"கோவம் வருது" என்றாள் மனைவி. "உவனுக்குக் கோவம் வருதடி."

தாய் கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். நாலு மணிக்குக் கணவன் வந்தபோது பையிலிருந்த உடுப்புகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கட்டிலருகே இருந்த மேசை லாச்சிக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

ஒன்றை நான் அவளுக்குச் சொல்லவில்லை. மூன்றாம் முறை நிறை கூடும் என்றது, மூன்றாம் முறை நிரப்பப்பட்ட தாள்களுக்குத்தான் பொருந்தும். பல தாள்களில் அந்தப் பகுதி வெறுமையாக இருக்கும். வெறுமைக்கு நாங்கள் 9 என்று அடிப்போம். பிள்ளை அங்கே இல்லை என்று அர்த்தம். எங்கே போனது என்பதற்குக் கட்டம் இல்லை.

மார்ச் தொடக்கத்தில் அவனை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஏப்ரலில் தங்கச்சி பிறந்தாள். மே மாதத்தில் ஒருநாள் காலை 5.45க்குச் சுவருக்கு அப்பால் அழுகை கேட்டது. கைக்குழந்தையின் அழுகை வேறு, அது எனக்குத் தெரியும். இது தொண்டை திறந்து, கோபத்தோடு, எதையோ கேட்டு அடம்பிடிக்கும் அழுகை. எழுந்து உட்கார்ந்தேன். மனைவியும் விழித்திருந்தாள்.

"என்ன, சுப்பரின்ரென்டனிட்டப் போறதில்லையே?"

"பொறு. கேப்பம்."

6.20 வரை கேட்டுக்கொண்டு கிடந்தோம். பிறகு டயரியை எடுத்துக் குறித்தேன்.

அன்று அலுவலகத்தில் முதல் பெட்டியைத் திறந்தேன். மூன்றாவதோ நான்காவதோ தாள். ஆண்பிள்ளை. வயது பதினெட்டு மாதம். உணவு: கஞ்சி. முதல் முறை, பாதம் 1. இரண்டாம் முறை, பாதம் 1. ஓரத்தில் பென்சிலால் "அழவில்லை". மூன்றாம் முறைக்குரிய இடம் வெறுமை. தாயின் ஊதாக் கைநாட்டின்மேல் என் பெருவிரலை வைத்துப் பார்த்தேன். சின்னக் கை. என் விரல் அதை முழுதாக மறைத்தது. எடுத்தபோது விரல் நுனியில் சிவப்புத் தூசி.

நான் 9 என்று அடித்தேன். தாளை எதிர் மேசைக்குத் தள்ளினேன். கானாப் பெண் பார்த்தாள், அவளும் 9 என்று அடித்தாள். இரண்டும் ஒத்துவந்தன. கொம்பியூட்டர் சத்தம் போடவில்லை.